பழைய டிராக்டரின் அசல் சீட்டை மீட்டெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் வேலை, டயர், பெயிண்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பலரும் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பட்டறையிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதித் தொகுத்திருக்கிறோம். ஃபெர்குசன் டி.இ. 20, எம்.எஃப். 1035, பி-275, எச்.எம்.டி. ஜீட்டர் 2511 போன்ற பழைய வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஒன்றுதான். நட்டு போல்ட் அளவு மட்டும் மாறும்.

1. அசல் சீட் என்றால் எது? என் வண்டியில் இருப்பது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிராக்டர் சீட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒரே இரும்புத் தகட்டைச் சட்டி மாதிரிக் குழிவாக அழுத்திச் செய்த தகட்டு சீட். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டி.இ. 20-ல் இருந்தது இதுதான். இரண்டாவது, தகட்டின் மேலோ பிளைவுட்டின் மேலோ மெத்தை வைத்து ரெக்ஸின் போர்த்திய குஷன் சீட். மூன்றாவது, கம்பிச் சுருள் ஸ்பிரிங், இணைப்புக் கைகள், சிலவற்றில் ஷாக் அப்சார்பர் என்று அடியில் தனி அமைப்பே உள்ள சீட்.

அசலா என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது, கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒரு மூலையை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரியும். கடைசி அடுக்கு வண்டியின் கம்பெனி நிறத்தோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் அசல். அடுத்து வெர்னியரில் தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். பழைய தகடு ஒரு நூல் அளவுக்கு, அதாவது 3 மி.மீ. ஒட்டி இருக்கும். பின்னாளில் வந்த மாற்று சீட்டுகள் பல 2 மி.மீ.க்கும் கீழே. தட்டிப் பார்த்தாலே கையில் வித்தியாசம் தெரியும்.

2. புது சீட்டே கடையில் கிடைக்குதே, பழசை வைத்துக்கொண்டு ஏன் மாரடிக்கணும்?

தினமும் உழவுக்குப் போகிற வண்டியாக இருந்து, இடுப்புவலியும் இருந்தால் புது சீட் வாங்கிப் போடுங்கள், பழசைத் துடைத்துப் பரணில் வையுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. வண்டியை அசலாகக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

மாற்று சீட் வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி நாலைந்து மி.மீ. மாறியிருக்கும். அதைப் பொருத்துவதற்காக வண்டியில் சீட்டைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் பட்டையில் புது ஓட்டை போடாதீர்கள், சீட்டின் ஓட்டையை நீட்டிக்கொள்ளுங்கள். பட்டையில் தேவையில்லாத ஓட்டை விழுந்தால் அங்கேதான் அது முறியும்.

3. தகட்டு சீட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கு. அடைச்சு வழவழன்னு ஆக்கிடலாமா?

வேண்டாம். மழைத் தண்ணீர் வடியவும், உட்காருபவருக்குக் காற்று போகவும் கம்பெனியே போட்ட ஓட்டைகள் அவை. அடைத்தால் சீட் ஒரு கிண்ணம். ஒரு மழைக்காலம் தாங்காது.

துரு தின்ற ஓட்டைக்கும் கம்பெனி ஓட்டைக்கும் வித்தியாசம் சுலபம். கம்பெனி ஓட்டை இடமும் வலமும் சமமாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருப்பது துருவின் வேலை.

4. கழற்றவே முடியலை. போல்ட் துருவோடு ஒட்டிப்போச்சு. கேஸ் கட்டிங்கில் வெட்டிடலாமா?

பக்கத்தில் ஸ்பிரிங் பட்டை இருக்கிறது. கேஸ் சூடு பட்டால் பட்டையின் பதம், அதாவது வளைந்து நிமிரும் ஸ்பிரிங் குணம், போய்விடும் (ஏன் என்று 9-வது கேள்வியில்). முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சுத்தியலால் போல்ட் தலையை நேராக நாலைந்து தட்டு தட்டிவிட்டு, ஸ்பேனருக்குப் பதில் ஆறு பட்டை பாக்ஸ் போட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நட்டின் ஒரு பக்கத்தைச் சின்ன கிரைண்டரால் நெடுக்கில் அறுத்து, உளியால் பிளந்து எடுங்கள். நட்டும் போல்ட்டும் போனால் போகட்டும், புதிது கிடைக்கும். பட்டைதான் கிடைக்காது.

கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருப்பதில்லை.

5. கழற்றியாச்சு. முதலில் எதைப் பார்க்கணும்?

விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், துருவைப் பிறகு கவனிக்கலாம். தகட்டு சீட்டில் விரிசல் எப்போதும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும்: போல்ட் ஓட்டையைச் சுற்றி, வாஷரின் விளிம்பு முடிகிற கோட்டில். உட்காருபவரின் எடை முழுவதும் அந்த உள்ளங்கை அளவு இடத்தில்தான் இறங்குகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகடு அங்கே ஒரு மயிரிழை மடங்கி நிமிர்கிறது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் போதும். அந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி 15 நிமிடம் விடுங்கள். உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்து மெலிதாகத் தூவி, பின்பக்கம் லேசாகத் தட்டுங்கள். விரிசலுக்குள் போயிருந்த எண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். கோடு முடிகிற இடத்தை சென்டர் பஞ்சால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், 11-வது கேள்விக்கு வேண்டும். பட்டையையும் இதே மாதிரி சோதியுங்கள், குறிப்பாக அது வளைகிற வெளிப்பக்கத்தை.

6. துருவை எடுக்க எது நல்லது? கிரைண்டரில் கப் பிரஷ் போட்டு இழுத்துடலாமா?

மேலோட்டமான துருவுக்கு இழுக்கலாம். ஆனால் குழிகுழியாகத் தின்ற துருவைப் பிரஷ் மேலே மெழுகிவிட்டுப் போகுமே தவிர, குழிக்குள் இருப்பதை எடுக்காது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த தூசு பறக்கத் தேய்ப்பதும் நல்லதல்ல. தண்ணீர் உப்புத்தாள் அல்லது பெயிண்ட் ரிமூவர் போட்டு, கையுறையும் மாஸ்க்கும் அணிந்து எடுங்கள்.

குழித் துருவுக்கு எங்கள் தேர்வு மின்சாரத் தொட்டி. சீட் முழுகுகிற அளவு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 5 கிராம் வீதம் சலவை சோடா கரையுங்கள். 50 லிட்டர் டப்புக்குக் கால் கிலோ. வெட்டிப்போட்ட கட்டடக் கம்பித் துண்டுகள் நாலைந்தைச் சுற்றிலும் நிறுத்தி எல்லாவற்றையும் ஒயரால் இணைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ்வை அதில் கொடுங்கள். நெகட்டிவ்வைச் சீட்டில், சுரண்டிப் பளபளப்பாக்கிய ஒரு இடத்தில் மாட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் சீட்தான் கரையும், இரண்டு முறை சரிபார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். கம்பியும் சீட்டும் தொடக்கூடாது. 5 ஆம்பியர் ஓடினால் 12 முதல் 24 மணி நேரத்தில் துரு கறுத்துச் சேறு மாதிரி உரிந்துவிடும், நல்ல இரும்புக்குச் சேதம் இல்லை.

மூன்று விஷயங்களில் தப்பு நடக்கிறது. சமையல் உப்பைப் போடுகிறார்கள்: குளோரின் வாயு வரும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் தட்டை வைக்கிறார்கள்: தண்ணீரில் குரோமிய விஷம் கலக்கும். மூடிய அறையில் வைக்கிறார்கள்: தொட்டியிலிருந்து வருவது ஹைட்ரஜன், ஒரு தீப்பொறி போதும். திறந்தவெளியில் வைத்து, சார்ஜரை அணைத்த பிறகே கையை விடுங்கள். எடுத்தவுடன் கழுவி வெயிலில் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் மஞ்சள் துரு மறுபடி பூக்கும்.

7. ஆசிட்டில் போட்டால் ஒரு மணி நேரத்தில் போயிடுமே?

துரு போகும், கூடவே இரும்பும் போகும். மடிப்பிலும் விளிம்புச் சுருளிலும் தங்கிய ஆசிட் பெயிண்ட்டுக்கு அடியில் வேலையைத் தொடரும். அவசரம் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் நல்ல வழி. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, சீட்டை முழுக்கி இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். செலவு குறைவு, இரும்பைத் தின்பதும் மிகக் குறைவு. நாற்றம் மட்டும் ஊரைக் கூட்டும், வீட்டுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

8. பட்டையையும் அதே தொட்டியில் போட்டுவிடலாமா?

கூடாது. மின்சாரத் தொட்டியும் ஆசிட்டும் இரும்புக்குள் ஹைட்ரஜனை ஏற்றும். மென்மையான சீட் தகட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. பதம் பார்த்த ஸ்பிரிங் இரும்பு மட்டும் அதனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், ஒரு நாள் வரப்பு ஏறும்போது ‘டக்’கென்று போகும். பட்டைக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கும் கம்பி பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய் போதும். தேய்க்கும் கோடுகள் பட்டையின் நீளவாக்கில் போகட்டும். குறுக்கே ஆழமாகக் கீறினால் அதுவே விரிசலுக்கு வழி.

9. உட்கார்ந்தால் சீட் ரொம்பக் கீழே தொங்குது. பட்டையைச் சூடுபண்ணி வளைச்சா சரியாகுமா?

ஃபோர்டு 8என், ஃபெர்குசன் வகைகளில் சீட்டைத் தாங்குவது வளைந்த ஒற்றைப் பட்டை. பல வருடம் எடை தாங்கி அதன் வளைவு தளர்ந்திருக்கும். கேஸில் பழுக்கவைத்து வளைத்தால் அழகாக வளையும், ஆனால் அந்த இடத்தில் ஸ்பிரிங் குணம் செத்து வெறும் இரும்பாகிவிடும். ஒரே வாரத்தில் பழையபடி தொங்கும்.

லாரிப் பட்டை கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் முழுப் பட்டையையும் உலையில் ஒரே சீராகப் பழுக்கவைத்து, வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் பதம் இறக்குவார்கள். லாரிப் பட்டைகளில் புழங்கும் சிலிக்கான்-மாங்கனீஸ் ஸ்பிரிங் இரும்பாக இருந்தால் பழுக்கவைப்பது 900 டிகிரி செல்சியஸ் ஒட்டி, பதம் இறக்குவது 400 முதல் 550 டிகிரிக்குள். கொடுக்கும் முன்னால் எவ்வளவு வளைவு வேண்டும் என்று ஒரு அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுங்கள். ‘கொஞ்சம் தூக்கிக் குடுங்க’ என்று சொன்னால் ஆளாளுக்கு ஒரு கொஞ்சம். வளைவு சரியாக இருந்தும் சீட் தொங்கினால், அடிப்பிடி போல்ட் தளர்ந்து ஓட்டை நீண்டிருக்கிறதா பாருங்கள். பாதி பேருக்குக் கோளாறு அங்கேதான்.

10. பட்டையில் விரிசல். நல்ல வெல்டரிடம் கொடுத்தால் ஒட்டிக் கொடுப்பாரா?

ஒட்டிக் கொடுப்பார், நிற்காது. வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு கடினமாகி நொறுங்கும், அடுத்த அங்குலம் பதம் இறங்கி இளகும். விரிசல் விட்ட பட்டையை அளவுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே அகலம், அதே கனம் உள்ள புதுப் பட்டையில் செய்துவாங்குங்கள். இந்த ஒரு பாகத்தில் மட்டும் அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பட்டை முறிந்தால் ஆள் விழுவது பின்னால், கலப்பை இருக்கும் பக்கம்.

11. சீட் தகட்டிலும் விரிசல். அதையாவது வெல்டிங் பண்ணலாமா?

பண்ணலாம், சாதாரண மைல்ட் ஸ்டீல்தான். ஆனால் விரிசல் மேல் நேராக வெல்டிங்கை இழுத்துவிட்டுப் போனால் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று கிளம்பும். 5-வது கேள்வியில் குறித்த முனைக்கு 3 மி.மீ. தள்ளி, 3 மி.மீ. டிரில்லில் ஒரு ஓட்டை போடுங்கள். விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பிறகு விரிசலை நெடுக ‘வி’ வடிவில் கனத்தின் முக்கால் ஆழத்துக்குத் தோண்டுங்கள். மிக் வெல்டிங் என்றால் 0.8 மி.மீ. கம்பி. சாதா வெல்டிங் என்றால் 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 75 ஆம்பியர். ஒரு தடவைக்கு 20 மி.மீ.க்கு மேல் இழுக்காமல், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அடுத்த துண்டு. ஒரே மூச்சில் இழுத்தால் சீட் முறுக்கிக்கொள்ளும், குழிவு கோணலாகும்.

தகடு மெலிந்த இடத்தில் ராடு ஓட்டை போடும். பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் உலோகம் ஒழுகாது. செம்பில் வெல்டிங் ஒட்டாது.

12. போல்ட் பிடிக்கிற இடத்தில் தகடே காகிதம் மாதிரி ஆயிடுச்சு. அடியில் ஒரு பிளேட் வைத்துச் சுற்றி வெல்டிங் பண்ணிடலாமா?

இதைத்தான் பெரும்பாலான பட்டறைகளில் செய்கிறார்கள், ஒன்றிரண்டு வருடத்தில் பிளேட்டின் விளிம்பை ஒட்டி வட்டமாகக் கிழிந்து வருகிறது. கெட்டியான பிளேட் ஒரு கோட்டில் சட்டென்று முடிந்தால், மடங்கும் வேலையெல்லாம் அந்தக் கோட்டுக்குப் போய்விடும். அழுகிய தகட்டின் மேல் பிளேட் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்குவது தனிக் கதை.

மெலிந்த பகுதியை 2 மி.மீ.க்கு மேல் கனம் உள்ள நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி வெட்டுங்கள். அதே கனத்தில், அதாவது பழைய கேஜ் கணக்கில் 10 அல்லது 12 கேஜ் தகட்டைக் குழிவுக்கு ஏற்பத் தட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துப் பிடித்த பிறகு முன் பதிலில் சொன்னபடி துண்டு துண்டாக வெல்டிங். கூடுதல் பலம் வேண்டும் என்றால் வெல்டிங் இல்லாமல், 3 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அகல வட்ட வாஷரை, விளிம்பைச் சாய்த்துத் தேய்த்து, போல்ட்டோடு மாட்டுங்கள். எடை பரவும், தகடும் தன் போக்கில் மடங்கும்.

13. ஒடுக்கு நிறைய இருக்கு. எது ஒடுக்கு, எது அசல் வடிவம் என்றே தெரியலை.

சீட்டின் பாதி வடிவத்தைக் கனமான அட்டையில் எடுத்து, திருப்பி மறுபாதியில் வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடம்தான் ஒடுக்கு. நடுமேடும் தொடைக் குழிவும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

டிங்கர் வேலைக்கு மணல் மூட்டை நல்ல அடிமானம். குழிவான பக்கத்தை மேலே வைத்து, உருண்டைத் தலை மரச் சுத்தியலால் ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, அமுக்கினால் ‘டப் டப்’ என்று உள்ளே வெளியே போகும். அப்படி ஆனதைச் சரிசெய்வது ஒடுக்கு எடுப்பதைவிட இரண்டு மடங்கு வேலை.

14. பட்டி எவ்வளவு கனம் வைக்கலாம்?

பெயிண்ட்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பட்டி, தகட்டு சீட்டில் 1 மி.மீ., அதுவும் ஓரங்களில் மட்டும். போல்ட்டைச் சுற்றி ஒரு ஜாண் அளவுக்குப் பட்டியே வேண்டாம், அந்த இடம் மடங்கிக்கொண்டே இருக்கும், பட்டி ஓடு மாதிரி பெயர்ந்துவிடும். துருக்குழித் தழும்புகள் நாலு தெரிந்தால் தெரியட்டும்.

15. பெயிண்ட் என்ன அடிக்கணும்? போன முறை அடித்தது சுருங்கிச் சுருங்கிப் போச்சு.

சுருங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே சிந்தடிக் எனாமல், மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) அல்லது பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட். மேலே அடித்த பெயிண்ட்டின் காட்டமான தின்னர் கீழே இருக்கும் எனாமலை ஊறவைத்து உரித்துவிடும். ஒன்று முழுக்க இரும்புவரை உரித்து ஆரம்பியுங்கள், இல்லையென்றால் எனாமல் மேல் எனாமலே அடியுங்கள்.

எங்கள் வரிசை: எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டிங், தேய்ப்பு, பி.யு. இரண்டு அல்லது மூன்று மெல்லிய கோட்டிங். உட்கார்ந்து எழும் உராய்வுக்கு எனாமலைவிட பி.யு. பல மடங்கு தாங்கும். அதன் ஹார்டனர் நெஞ்சுக்கு ஆகாது, கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் வெள்ளை பூத்துவிடும், வெயில் வரும்வரை பொறுங்கள். அடிப்பக்கத்துக்கு மேலே விட ஒரு கோட்டிங் கூடுதலாகப் போகட்டும். ஈரம் அங்கேதான் தங்கும்.

நிறத்துக்கு 1-வது கேள்வியில் சொன்ன அடி அடுக்கைத் தேய்த்துக் காட்டி, கடையில் அதோடு ஒத்துப்பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் கடை கேட்டலாக்கில் ‘டிராக்டர் சிவப்பு’ என்று இருப்பதெல்லாம் உங்கள் வண்டியின் சிவப்பு இல்லை.

16. பழைய பெயிண்ட் பாதி நிற்குது, பார்க்க நல்லாவும் இருக்கு. அப்படியே விட்டுடலாமா?

தாராளமாக. உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து பளபளக்கும் இரும்பை எந்தப் பெயிண்டரும் திருப்பித் தர முடியாது. தளர்ந்த துருவை மட்டும் நைலான் பிரஷ்ஷால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தடவி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரிசலும் பட்டையும் மட்டும் 5-வது பதில்படி சோதித்திருக்க வேண்டும், அதில் சலுகை இல்லை.

17. குஷன் சீட்டுக்குள் என்ன இருந்தது? இப்போது என்ன வைக்கலாம்?

பழைய குஷன்களைப் பிரித்தால் தேங்காய் நாரும் ரப்பரும் சேர்த்த அடுக்கு, சாக்குத்துணி, பஞ்சு, சிலவற்றில் கம்பி ஸ்பிரிங் என்று வரும். எலிக் கூடும் வரலாம். ரப்பர் கலந்த நார் அடுக்கு இன்றும் கிடைக்கிறது, அசலாகவே வேண்டும் என்பவர்கள் அதையே வைக்கலாம். இல்லையென்றால் அடியில் 50 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டி ரகம்), மேலே 25 மி.மீ. 40 டென்சிட்டி ஃபோம். முழுக்க மெத்தென்ற ஃபோம் வைத்தால் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சுகமாக இருக்கும், ஒரு ஏக்கர் ஓட்டுவதற்குள் அடித்தட்டு குத்தும்.

அடித்தட்டு பிளைவுட் என்றால் 12 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். விளிம்புகளுக்கும் ஓட்டைகளுக்குள்ளும் இரண்டு கோட்டிங் வார்னிஷ். பிளைவுட் அழுக ஆரம்பிப்பது வெட்டிய விளிம்பில்தான்.

18. ரெக்ஸின் மாத்தி ஒரு வருஷம்கூட ஆகலை, தையலில் தண்ணீர் இறங்கி ஃபோம் நாறுது. ஏன்?

ஒவ்வொரு தையல் ஓட்டையும் ஒரு தண்ணீர் வழி. அதனால் உட்காரும் இடத்தில் தையல் குறைய வேண்டும், ஃபோமுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போக வேண்டும், அடித்தட்டில் நாலைந்து ஓட்டை இருக்க வேண்டும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியையும் சேர்த்து மூடியதுதான் அந்த நாற்றத்துக்குக் காரணமாக இருக்கும்.

பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள். தையலைப் பிரித்து, துண்டுகளுக்கு எண் போட்டு, அதையே மாதிரியாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். பைப்பிங் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, கோடுகள் எத்தனை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நூல் பாலியெஸ்டரோ நைலானோ இருக்கட்டும், பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுவிடும். இழுத்து மாட்டும் முன் ரெக்ஸினை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகி, மூலையில் சுருக்கம் இல்லாமல் உட்காரும்.

19. அடியில் ஸ்பிரிங்கும் கைகளும் உள்ள சீட். பக்கவாட்டில் ஆடுது.

கைகளை இணைக்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டும், அது திரும்பும் ஓட்டைக்குள் இருக்கும் புஷ் என்ற வளையமும் தேய்ந்திருக்கும். பின்னை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை, ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். லேத்தில் ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் அடித்து, இ.என். 8 ரக இரும்பில் பின் கடைந்து போடுங்கள். இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. அதற்கு மேல் இறுக்கினால் தூசியில் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் நிப்பிள் இருந்த இடம் பெயிண்ட்டில் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த வகை சீட்டுகளுக்குப் பின்னால் மருத்துவமும் உண்டு. 1960-ல் ஜான் டீர் கம்பெனி கொண்டுவந்த 3010, 4010 டிராக்டர்களின் சீட்டுக்கு ஆலோசனை சொன்னவர் ஜேனட் டிராவெல் என்ற வலி மருத்துவர். அடுத்த வருடம் அமெரிக்க அதிபர் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவரானவரும் அவர்தான்.

20. அரை இஞ்ச் போல்ட் வாங்கினேன், இரண்டு சுற்று போய் நின்னுடுச்சு. மரை கெட்டுப்போச்சா?

கெட்டிருக்காது, மரை வேறு. பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., அமெரிக்க வகையில் யு.என்.சி., யு.என்.எஃப். என்று மரை அளவு முறைகள் பல. அரை இஞ்ச் போல்ட்டிலேயே விட்வொர்த் என்றால் இஞ்ச்சுக்கு 12 மரை, யு.என்.சி. என்றால் 13, பி.எஸ்.எஃப். என்றால் 16, யு.என்.எஃப். என்றால் 20. முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், கையில் இரண்டு சுற்று ஏறவும் செய்யும், ஸ்பேனர் போட்டு இறுக்கினால்தான் மரை நாசமாகும். செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பான ஜீட்டர் வகையில் மில்லிமீட்டர் மரை. பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்று போடுகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம், தலையில் 8.8 என்ற பல எண் உள்ள இரும்பு போல்ட்டைவிடப் பலம் குறைவு, பழைய வண்டியில் பல் கட்டின மாதிரி தனியாகவும் தெரியும். மில்லிமீட்டர் மரை என்றால் 8.8, இஞ்ச் மரை என்றால் அதற்கு ஈடான கிரேடு, கூடவே தளராமல் பிடிக்க நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு.

21. காயலான் கடையில் ஒரு கனமான பூ வேலைப்பாடு போட்ட இரும்பு சீட் கிடைச்சுது. எந்த டிராக்டருடையது?

பெரும்பாலும் டிராக்டருடையதே இல்லை. குதிரை இழுத்த புல்வெட்டி, வைக்கோல் வாரி போன்ற கருவிகளின் வார்ப்பிரும்பு சீட். தயாரித்த கம்பெனியின் பெயரையே ஓட்டைகளாக வார்த்திருப்பார்கள். இங்கிலாந்தின் பாம்ஃபோர்டு, அமெரிக்காவின் மெக்கார்மிக், டீரிங் போன்றவை. இதைச் சேகரிப்பதற்கென்றே அந்த நாடுகளில் ஆட்கள் உண்டு. 11-வது பதிலில் சொன்ன வெல்டிங் இதற்கு ஆகாது. வார்ப்பிரும்பைச் சூடேற்றி நிக்கல் ராடு போட வேண்டும், அல்லது பித்தளை வைத்துப் பிடிக்க வேண்டும். எதுவென்று சந்தேகமாக இருந்தால் அடியில் கிரைண்டரை ஒரு நொடி வைத்துப் பாருங்கள்: வார்ப்பிரும்பில் குட்டையான சிவந்த பொறி, தகட்டில் நீளமான வெள்ளைப் பொறி.

22. சீட்டைச் சரிபண்ணும்போதே சீட் பெல்ட்டும் மாட்டிடலாமா?

மேலே கவிழ்வுச் சட்டம் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகம்) இல்லாத வண்டியில் பெல்ட் கூடாது. வண்டி கவிழ்ந்தால் ஆளை அதன் அடியிலேயே கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சட்டகம் போட்ட வண்டி என்றால் பெல்ட் கட்டாயம் வேண்டும், ஆனால் அதைத் தகட்டு சீட்டில் மாட்டக்கூடாது, உறுதியான அடிப்பிடியில் மாட்ட வேண்டும்.

23. எல்லாம் மாட்டியாச்சு. நேராக வயலுக்கு எடுத்துப்போகலாமா?

முதலில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டைச் சீட்டில் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். ஏற்றும் முன் தரையிலிருந்து சீட் விளிம்பின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். காலையில் மூட்டையை இறக்கிய பின் அதே உயரத்துக்கு வந்தால் பட்டை சரி. 10 மி.மீ.க்கு மேல் இறங்கியே நின்றால் பதம் பிடிக்கவில்லை, பட்டறைக்குத் திரும்புங்கள். பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்குங்கள். புதுப் பெயிண்ட் வாஷருக்கு அடியில் நசுங்கி, முதல் நாளே நட்டு தளரும்.

24. வெயிலில் சுடுது. மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கலாமா?

போட்டுக்கொள்ளுங்கள், காலங்காலமாக எல்லோரும் செய்வதுதான். உரச் சாக்கு மட்டும் வேண்டாம், முக்கியமாக பொட்டாஷ் வந்த சாக்கு. அதில் ஒட்டியிருக்கும் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்துப் பெயிண்ட்டின் ஒவ்வொரு கீறலிலும் துருவைக் கிளப்பும். நெல் சாக்கு நல்லது. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது அதையும் எடுத்து மட்கார்டில் காயப்போட்டுவிட்டு வாருங்கள்.